பணம் வாங்கும் முன் விசா என்னவென்று எழுதிக் கொடுங்கள்: மேற்கு ஆப்பிரிக்காவுக்கு ஆள் அனுப்பும் முகவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முகவர்களுக்கு,

வணக்கம். பட்டுக்கோட்டை, அறந்தாங்கி, மன்னார்குடிப் பக்கமிருந்து நைஜீரியா, கானா, ஐவரி கோஸ்ட், பெனின் என்று வெல்டர், ஃபிட்டர், எலக்ட்ரீஷியன் பிள்ளைகளை அனுப்பி வைக்கிற உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். நான் ஐ.டி.ஐ.யில் வெல்டிங் சொல்லிக் கொடுப்பவன். உங்கள் அலுவலகப் படியேறும் பிள்ளைகளில் பலர் என்னிடம் படித்தவர்கள். போன மாதம் நைஜீரியாவின் லாகோஸ் விமான நிலையத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட பையனும் அப்படித்தான். அவன் யார் என்று உங்களில் ஒருவருக்கு நன்றாகத் தெரியும். மற்றவர்கள் காதுக்கும் செய்தி வந்திருக்கும். அதனால் முழுக் கதையையும் சொல்லப் போவதில்லை. அவன் பெயரையும் எழுதவில்லை, அனுப்பியவர் பெயரையும் எழுதவில்லை. அந்த ஒருவர் செய்ததை உங்களில் பலர் ஆண்டுக்கணக்கில் வழக்கமாகவே செய்து வருகிறீர்கள் என்பதால்தான் எல்லோருக்கும் எழுத வேண்டியதாயிற்று.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று. பணத்தைக் கையில் வாங்கும் முன், இது என்ன வகை விசா, இதை வைத்து அந்த நாட்டில் என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது, எத்தனை நாள் செல்லும் என்பதைத் தமிழில் ஒரு தாளில் எழுதி, உங்கள் கையெழுத்தைப் போட்டு அந்தப் பிள்ளையிடம் கொடுங்கள்.

அவன் கோப்பை நான் பார்த்தேன். ஒரே பிளாஸ்டிக் உறைக்குள் இரண்டு தாள்கள். ஒன்றில் வெல்டர் வேலை, மாதச் சம்பளம், தங்குமிடம், இரண்டு ஆண்டு ஒப்பந்தம் என்று இருக்கிறது. இன்னொன்று பிசினஸ் விசா. இந்த இரண்டு தாளும் ஒரே ஆளிடம் இருக்க முடியாது என்பது அவனுக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் கிளம்புவதற்கு முதல் நாள் அவனை உட்காரவைத்து ஆங்கிலத்தில் நாலைந்து வரி மனப்பாடம் செய்ய வைத்திருக்கிறார்கள். கம்பெனிக் கூட்டத்துக்கு வந்திருக்கிறேன், இயந்திரம் பார்க்க வந்திருக்கிறேன், சில நாளில் திரும்பிவிடுவேன். வேலைக் கடிதத்தைக் கேட்டாலொழியக் காட்டாதே என்றும், சான்றிதழ்களைப் பெட்டியின் அடியில் வை என்றும் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

அந்தச் சான்றிதழ்களில் ஒன்று ஆறு ஜி பைப் வெல்டிங் தேர்ச்சிச் சான்று. சாய்ந்த நிலையில் நிறுத்திய குழாயைச் சுற்றி, கீழிருந்து மேல்வரை கை நடுங்காமல் பற்றவைத்துக் காட்ட வேண்டும். எங்கள் பட்டறையில் எல்லோராலும் முடிகிற காரியமில்லை. அதைத் தேறி வந்த அன்று அவன் வீட்டில் எல்லோருக்கும் இனிப்பு கொடுத்தார்கள். அந்தத் தாளைத்தான் துணிக்கு அடியில் ஒளித்து வைத்துக்கொண்டு, நான் வியாபாரி என்று சொல்லும்படி அனுப்பியிருக்கிறீர்கள். குடியேற்ற அதிகாரி பெட்டியைத் திறக்கச் சொன்னதும் தோல் கையுறையும் கறுப்புக் கண்ணாடியும் மேலே வந்துவிட்டன. என்ன வியாபாரம் என்று கேட்டிருக்கிறார். மனப்பாட வரிகள் தீர்ந்துபோனதும் இவன் உண்மையைச் சொல்லிவிட்டான். அன்றிரவு முழுதும் நாற்காலியில் உட்கார்ந்திருந்து மறுநாள் விமானத்தில் திரும்பி வந்தான். வந்தவன் பணத்தைப் பற்றிக்கூட என்னிடம் முதலில் பேசவில்லை. திருடன் மாதிரி பார்த்தார்கள் சார் என்றான். கைத்தொழில் கற்ற ஒரு பிள்ளை தன் தொழிலை மறைக்க வேண்டி வந்ததே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அந்த அதிகாரி மேல் எனக்குக் கோபமில்லை. அவர் தம் நாட்டுச் சட்டத்தைப் பார்த்தார். அந்தச் சட்டம் என்ன சொல்கிறது என்பது பையன்களுக்கும் பெற்றோருக்கும் தெரியட்டும் என்று இங்கே எழுதுகிறேன். உங்களுக்கு அது புதிதல்ல.

நைஜீரியாவில் வெளிநாட்டு ஆளை வேலைக்கு வைக்க வேண்டுமானால், முதலில் கம்பெனி அந்த நாட்டின் உள்துறை அமைச்சகத்திடம் வெளிநாட்டவர் கோட்டா வாங்கியிருக்க வேண்டும். எந்தப் பதவிக்கு எத்தனை பேர் என்று அதில் இருக்கும். அதோடு உள்ளூர் ஆட்களுக்கு அந்த வேலையைப் பழக்கித் தர வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. அங்கேயும் வேலை தேடும் இளைஞர்கள் இருக்கிறார்கள், அவர்கள் அரசு அப்படிக் கேட்பதில் நியாயம் இருக்கிறது. அந்தக் கோட்டாவின் பேரில்தான் எஸ்.டி.ஆர். என்று நீங்கள் சொல்கிற விசா கிடைக்கும். இவருடைய குடியேற்றப் பொறுப்பு எங்களுடையது என்று கம்பெனி எழுத்தில் ஏற்க வேண்டும். எஸ்.டி.ஆர். விசாவில் ஒருமுறைதான் உள்ளே போகலாம். போய் இறங்கிய 90 நாளுக்குள் கம்பெனி அதை முறைப்படுத்தி, செர்பாக் என்கிற வதிவிட அட்டை வாங்கித் தர வேண்டும். இயந்திரம் நிறுவுவது, பழுது பார்ப்பது போன்ற குறுகிய கால வேலை என்றால் அதற்குத் தற்காலிக வேலை அனுமதி தனியாக இருக்கிறது. பிசினஸ் விசா பேச்சுவார்த்தைக்கும் கூட்டத்துக்கும் உரியது. அதை வைத்துக்கொண்டு சம்பளத்துக்கு வேலை பார்க்க முடியாது.

ஆனால் உங்கள் அலுவலகத்தில் சொல்லப்படுவது வேறு. “போய் இறங்கினாப் போதும் தம்பி, அங்க கம்பெனியே மாத்திக் குடுத்துரும்.” இந்த ஒரு வாக்கியத்தை எத்தனை பிள்ளைகள் வந்து என்னிடம் அப்படியே சொல்லியிருக்கிறார்கள்! வெளியே பார்த்தால் மணி மணியாக அழகாக விழுந்திருக்கும், உள்ளே இரும்போடு இரும்பு சேர்ந்திருக்காது, பாரம் ஏறியதும் பிளந்துவிடும், அப்படி ஒரு பற்றவைப்பை என் மாணவன் செய்தால் நான் வெட்டி எறிந்துவிட்டு மறுபடி செய்யச் சொல்வேன். உங்கள் வாக்கியமும் அப்படித்தான், நீங்கள் அதன்மேல் ஒரு குடும்பத்தை ஏற்றுகிறீர்கள்.

திரும்பி வந்தவன்கூட ஒரு வகையில் தப்பித்தான். உள்ளே போய்விடுகிற பிள்ளைகள் இருக்கிறார்களே, விசா நாள் முடிந்த பிறகு அவர்கள் கம்பெனி வளாகத்தை விட்டு வெளியே வரப் பயப்படுகிறார்கள். பாஸ்போர்ட் யாரிடமோ நீட்டிப்புக்குக் கொடுத்திருக்கிறது என்ற பதில்தான் கிடைக்கும். சம்பளம் பாக்கி என்றாலும் புகார் சொல்லப் போக முடியாது. போனால் முதலில் அவனுடைய காகிதத்தைத்தான் கேட்பார்கள். இந்தியத் தூதரகம் அபுஜாவில் இருக்கிறது, லாகோஸிலும் அதன் அலுவலகம் இருக்கிறது, அங்கே போய் நிற்கலாம் என்பதுகூட இந்தப் பிள்ளைகளில் பலருக்கு யாரும் சொல்லவில்லை.

வளைகுடாவுக்குப் போகிறவனுக்காவது ஒரு தடுப்பு இருக்கிறது. பத்தாம் வகுப்பு தேறாத, இ.சி.ஆர். (குடிபெயர்வுச் சோதனை தேவை) என்ற முத்திரையுள்ள பாஸ்போர்ட் வைத்திருப்பவர் வேலைக்குப் போகக் குடிபெயர்வு அனுமதி வாங்க வேண்டிய நாடுகள் 18. சவூதி, குவைத், கத்தார், மலேசியா எல்லாம் அதில் உண்டு. ஆப்பிரிக்காவில் லிபியா, சூடான், தெற்கு சூடான் உண்டு. மேற்கு ஆப்பிரிக்க நாடு ஒன்றுகூட அந்தப் பட்டியலில் இல்லை. லாகோஸுக்கோ கானாவின் அக்ராவுக்கோ போகிறவனின் ஒப்பந்தத்தை இங்கே எந்த அதிகாரியும் அந்த அனுமதிக்காகப் பிரித்துப் பார்ப்பதில்லை. பட்டியலை ஏன் இப்படி வைத்திருக்கிறார்கள் என்று தில்லியையும் கேட்கத்தான் வேண்டும். பத்தாம் வகுப்பு தேறியவனுக்கு இ.சி.ஆர். முத்திரையே கிடையாது, அதனால் அவனுக்கு ஆபத்தும் கிடையாது என்று யார் முடிவு செய்தார்களோ தெரியவில்லை. அயலகத் தமிழர் நலனுக்குத் தனித் துறை வைத்திருக்கிற தமிழ்நாட்டு அரசு ஒவ்வொரு ஐ.டி.ஐ. வாசலிலும் நாடுவாரியாக ஒரு விளக்கப் பலகை வைக்க முடியாதா? அதுவும் நடக்கவில்லை. கோபம் வருகிறது, அதனால் எங்கோ போய்விட்டேன், மன்னியுங்கள். நான் சொல்ல வந்தது இதுதான்: இந்தப் பிள்ளைக்கும் அந்த விமானத்துக்கும் நடுவே உங்கள் வாய்ச்சொல்லைத் தவிர வேறு காவல் எதுவும் இல்லை. ஆகவே அந்தச் சொல் எழுத்தில் வேண்டும்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி விஷயத்துக்கும் வருகிறேன். நைஜீரியா, கானா, ஐவரி கோஸ்ட், பெனின், டோகோ எங்கே போவதானாலும் அந்த அட்டை கையில் இருக்க வேண்டும். ஊசி போட்டு 10 நாள் ஆன பிறகுதான் அட்டை செல்லும். செல்லத் தொடங்கிவிட்டால் ஆயுள் முழுதும் போதும், 2016 ஜூலை முதல் உலகம் முழுக்க அதுதான் விதி. அரசு அங்கீகரித்த மையங்களில்தான் போட வேண்டும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். முன்பதிவு செய்து, பாஸ்போர்ட்டோடு நேரில் போக வேண்டும். இதையெல்லாம் டிக்கெட் போடும் முன் சொல்வதற்கு உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? விமானத்துக்கு நாலு நாள் இருக்கும்போது ஊசி போட்டுவிட்டு வா என்று சொல்வதும், ஊசியே போடாமல் அட்டை வாங்கித் தருகிறோம் என்று சிலர் அதற்குத் தனியாகப் பணம் வாங்குவதும் உயிரோடு விளையாடுவது. அந்த ஊர்களில் அந்த நோய் உண்மையில் இருக்கிறது. முட்டை ஒவ்வாமை உள்ளவர்கள், நோய் எதிர்ப்பு குறைந்தவர்கள் ஊசி போடலாமா என்று மருத்துவர்தான் சொல்ல வேண்டும், உங்கள் அலுவலகப் பையன் சொல்லக்கூடாது. சரியான அட்டை இல்லாமல் அங்கிருந்து இந்தியாவில் வந்து இறங்கினால் 6 நாள் வரை தனிமையில் வைப்பார்கள் என்பதையும் யாரும் சொல்வதில்லை.

இன்னொன்றும் பரவலாகச் சொல்லப்படுகிறது. ஒரு நாட்டுக்கு விசா கிடைத்தால் போதும், பக்கத்து நாட்டுக்கு ரோடு வழியாகப் போய்விடலாம் என்கிறீர்கள். மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் கூட்டமைப்பான எக்கோவாஸில் 1979ஆம் ஆண்டு உடன்படிக்கைப்படி ஒரு நாட்டவர் இன்னொரு நாட்டுக்கு விசா இல்லாமல் போய் 90 நாள் தங்கலாம். அது அந்த நாட்டு மக்களுக்கு உள்ள உரிமை. இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவனுக்கு ஐரோப்பாவில் உள்ளது போன்ற பொது விசா அங்கே கிடையாது. லாகோஸிலிருந்து செமே எல்லையைத் தாண்டி கோட்டோனூ போக பெனின் விசா தனியாக வேண்டும். கானாவிலிருந்து அஃப்லாவோ தாண்டி லோமே போக டோகோ விசா தனியாக வேண்டும். பெனின், டோகோ, ஐவரி கோஸ்ட் எல்லாம் பிரெஞ்சு பேசும் நாடுகள். எல்லைச் சாவடியில் பிடிபட்ட பையனுக்குக் கொடுக்கப்படும் தாளை அவனால் எழுத்துக்கூட்டிக்கூட வாசிக்க முடியாது.

2025 மே முதல் நைஜீரியா குறுகிய கால விசாக்களை இணைய வழியில் கொடுக்கத் தொடங்கியிருக்கிறது. வந்து இறங்கும் அட்டையையும் இணையத்திலேயே நிரப்ப வேண்டும். இதனால் உங்களுக்கு வேலை சுலபமாகியிருக்கிறது. பிள்ளைகளுக்கு ஆபத்து கூடியிருக்கிறது. முன்பு பாஸ்போர்ட்டில் முத்திரை விழுந்து வர நாளாகும், அதற்குள் நாலு பேரிடம் கேட்பார்கள். இப்போது செல்பேசிக்கு ஒரு பிடிஎஃப் வருகிறது, விசா வந்தாச்சு கிளம்பு என்கிறீர்கள். அந்தப் பிடிஎஃபில் விசாவின் வகை போட்டிருக்கும். அந்த ஒரு வரியை அவனுக்குத் தமிழில் படித்துச் சொல்லியிருந்தால் அவன் போயிருக்க மாட்டான். அதனால்தான் படித்துச் சொல்லவில்லை என்று நான் நினைக்கிறேன். இது தவறு என்றால் நிரூபியுங்கள், மனமாரச் சந்தோஷப்படுவேன்.

உங்களில் நேர்மையாகத் தொழில் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு வைத்திருக்கிறவர்கள், 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் என்ற சேவைக் கட்டண வரம்பை மீறாதவர்கள், கோட்டாக் கடிதத்தின் நகலைக் கேட்காமலே எடுத்துக் காட்டுகிறவர்கள். அவர்கள் அனுப்பிய என் மாணவர்கள் அங்கே நன்றாக இருக்கிறார்கள், விடுமுறைக்கு வருகிறார்கள், வீடு கட்டியிருக்கிறார்கள். முறையான வழி இருக்கிறது என்பதற்கு அவர்களே சாட்சி. அவர்களிடமும் இதே கோரிக்கைதான். நீங்கள் முதலில் தொடங்குங்கள், மற்றவர்கள் செய்யாமல் இருக்க முடியாது.

தாளில் என்ன இருக்க வேண்டும் என்று யோசிக்க வேண்டியதில்லை. விசாவின் வகை, அதில் வேலை பார்க்கலாமா கூடாதா, எத்தனை நாள், அங்கே போனதும் கம்பெனி எதை எந்த நாளுக்குள் செய்து தர வேண்டும், மஞ்சள் காய்ச்சல் ஊசி எப்போது போட வேண்டும், விசா தவறானதால் திருப்பி அனுப்பப்பட்டால் வாங்கிய பணம் எவ்வளவு, எத்தனை நாளில் திரும்பும், உங்கள் பதிவு எண். ஒரு பக்கம் போதும். தமிழில் எழுத ஆளில்லை என்றால் நான் எழுதித் தருகிறேன், அதற்குப் பணம் வேண்டாம். நாடுவாரியாக விதி மாறும்போது திருத்தித் தரவும் தயார்.

லாகோஸிலிருந்து திரும்பி வந்த பையனின் பணம் இன்னும் வரவில்லை. அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று அவன் அப்பாவை அலைய விட வேண்டாம் என்று சம்பந்தப்பட்டவரைத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். இந்த ஆண்டுத் தேர்வு முடிந்து என் பிள்ளைகள் வெளியே வரும்போது உங்களில் சிலர் வழக்கம்போல் வாசலில் வந்து நிற்பீர்கள். வாருங்கள். வரும்போது கையெழுத்திட்ட அந்தத் தாளோடு வாருங்கள், வகுப்பறைக்குள்ளேயே உட்கார்ந்து பேசலாம். தாள் இல்லாமல் வருகிறவரிடம் பணம் கொடுக்க வேண்டாம் என்று ஒவ்வொரு வீட்டுக்கும் நானே போய்ச் சொல்வேன்.

இப்படிக்கு,
ஐ.டி.ஐ. வெல்டிங் பயிற்றுநர் ஒருவர்,
பட்டுக்கோட்டை வட்டாரம்