வைன் செய்பவரை முதலில் குசினிக்கு அழையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அல்ப்ஸ் மலை வைன்களை அவற்றைச் செய்பவர்களே கொண்டுவந்து பரிமாறிய இரவு விருந்து பற்றி போன வாரம் நீங்கள் போட்ட செய்தியைப் படித்தேன். படங்கள் நன்றாக இருந்தன. ஆனால் யார் யார் வந்தார்கள், ஆளுக்கு எவ்வளவு கட்டணம், மேசை எப்படி அலங்கரித்திருந்தது என்பதிலேயே செய்தி முடிந்துவிட்டது. மலையிலிருந்து இறங்கி வந்த அந்த மனிதர்களைப் பற்றி இரண்டு வரி கூட இல்லை. சுவிஸ் உணவகங்களின் குசினிகளில் எங்கள் ஆட்கள் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அவர்களில் ஒருவனாக இதை எழுதுகிறேன்.

குடியை ஊக்குவிக்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். குடியால் அழிந்த குடும்பங்கள் எங்கள் மத்தியிலும் உண்டு, அதைப் பற்றி நீங்கள் இன்னும் கூடுதலாக எழுத வேண்டும் என்பதுதான் என் விருப்பம். இங்கே நான் பேசுவது தொழிலைப் பற்றி.

வாலிஸ் மாநிலத்தில் விஸ்பர்டேர்மினன் என்று ஒரு ஊர். அதன் திராட்சைத் தோட்டம் கடல் மட்டத்திலிருந்து 650 மீட்டரில் தொடங்கி 1150 மீட்டர் வரை ஏறுகிறது, ஐரோப்பாவின் மிக உயரமான தோட்டங்களில் அதுவும் ஒன்று. சரிவு அப்படிச் செங்குத்து என்பதால் மண் நழுவாமல் இருக்கக் கல்லை அடுக்கி அடுக்கிச் சுவர் கட்டியிருக்கிறார்கள், சீமெந்து கிடையாது, கல் மேல் கல் மட்டும்தான். பகலில் அந்தச் சுவர் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு இரவில் கொடிக்குச் சூடு கொடுக்கும். அவ்வளவு உயரத்திலும் பழம் பழுப்பதற்கு அந்தச் சுவர், தெற்குப் பார்த்த சரிவு, மலையைத் தாண்டி இறங்கும் ஃபோன் என்ற சூடான காற்று எல்லாமே காரணம். மழையோ குறைவு. சுவிஸிலேயே மிக வறண்ட இடங்களில் வாலிஸும் ஒன்று, அதனால் பனி உருகும் தண்ணீரை மலை விளிம்பில் வெட்டிய வாய்க்கால்கள் வழியாகக் கொண்டுவந்து பாய்ச்சும் வழக்கம் பல நூறு வருடமாக இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் நீர்வேலி, உரும்பிராய்ப் பக்கம் பந்தல் போட்டுக் கிணற்றுத் தண்ணீர் இறைத்துத் திராட்சை வளர்த்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய பாடு என்று நான் சொல்லத் தேவையில்லை.

சுவரில் ஒரு கல் சரிந்தால் ஆள்தான் போய்த் திரும்ப அடுக்க வேண்டும். பழத்தைக் கையால்தான் வெட்ட வேண்டும். மெஷின் ஏறாத இடம் அது. இத்தாலியின் வால்தெல்லினாவில் இந்த மாதிரிச் சுவர்களை எல்லாம் நீட்டிப் போட்டால் ஏறத்தாழ 2500 கிலோமீட்டர் வரும் என்கிறார்கள். கல் அடுக்கும் இந்தக் கலையை 2018 இல் யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் சேர்த்தது, சுவிஸ், இத்தாலி, பிரான்ஸ் மூன்றும் அதில் இருக்கின்றன. பிரான்ஸின் சவ்வா பகுதிக் கதை இன்னும் வேறு மாதிரி. அங்கே 1248 இல் கிரனியே மலையின் ஒரு பக்கம் இடிந்து விழுந்து கிராமங்களையே புதைத்தது. அந்தக் கற்குவியலின் மேலேதான் இன்றைக்கு அப்ரமோன், அபீம் தோட்டங்கள் நிற்கின்றன.

இதையெல்லாம் நான் படித்துத் தெரிந்துகொண்டதை விடக் கேட்டுத் தெரிந்துகொண்டதுதான் அதிகம். நான் வேலை செய்யும் இடத்தில் இப்படி ஒரு விருந்து நடந்தபோது வாலிஸிலிருந்து வந்த ஒரு அம்மா பிற்பகலிலேயே வந்துவிட்டார். ஹைடா என்ற வெள்ளை வைன் போத்தல்கள் ஐஸ் வாளியில் நிற்பதைப் பார்த்ததும் ஒன்றை எடுத்துத் துடைத்து மேசையில் வைத்தார். இவ்வளவு குளிரில் இதற்கு வாசமே வராது, பத்துப் பன்னிரண்டு டிகிரி போதும், கொஞ்சம் பொறுங்கள் என்றார். அப்புறம் குசினிக்குள் வந்து ட்ரவுட் மீனுக்கு வைத்திருந்த சோஸை ஒரு கரண்டி வாயில் வைத்து, மேலே ஒரு மிடறு வைன் குடித்து, எங்களுக்கும் அதே மாதிரிச் செய்து காட்டினார். எலுமிச்சை தூக்கலாக இருந்ததால் வைன் சப்பென்று போனது எங்கள் நாக்குக்கே தெரிந்தது. புளிப்பைக் குறைத்து, வெண்ணெயைக் கொஞ்சம் கூட்டினோம். அதற்குப் பிறகு குடித்தபோது அதே வைன்தானா என்று இருந்தது. பாத்திரம் கழுவும் பொடியன் முதல் தலைமைச் சமையல்காரர் வரை எல்லோரும் கேள்வி கேட்டோம், அவரும் சலிக்காமல் பதில் சொன்னார்.

பெரும்பாலான இடங்களில் இது நடப்பதில்லை. இதற்கு முன் நான் நின்ற வேறொரு உணவகத்தில் வைன் செய்பவர் முன்வாசலால் வருவார், விருந்தினருக்குப் பேசுவார், கைதட்டு வாங்குவார், போய்விடுவார். பரிமாறும் பிள்ளைகள் காகிதத்தைப் பார்த்துப் பெயரை ஒப்புவிப்பார்கள். நாங்கள் கதவுக்குப் பின்னால் தட்டு அடுக்கிக்கொண்டிருப்போம். இது எனக்கு மனவருத்தம் மட்டுமில்லை, அந்த உணவகத்துக்கும் நட்டம், மலையில் முதுகு ஒடிய உழைத்தவருக்கும் நட்டம். ஏனென்றால் விருந்து ஒரு இரவுதான். அடுத்த நாளிலிருந்து அந்தப் போத்தலை விருந்தினருக்கு எடுத்துச் சொல்லி விற்க வேண்டியவர்கள் நாங்கள்தான்.

விற்க வேண்டிய தேவையும் சின்னதில்லை. சுவிஸில் செய்யும் வைனில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான் வெளிநாடு போகிறது, மிச்சம் இங்கேயே குடிக்கப்பட வேண்டும். ஆனால் இங்கே குடிக்கும் வைனில் பாதிக்கு மேல் வெளியிலிருந்து வருகிறது, சமதரையில் மெஷின் ஓட்டி எடுத்த மலிவு வைனோடு இந்த மலைத் தோட்டக்காரர்கள் விலையில் போட்டி போடவே முடியாது. குடிப்பவர்களும் வருடா வருடம் குறைகிறார்கள். பார்ப்பதற்குப் பிள்ளைகள் இல்லாமல் கைவிடப்படும் தோட்டங்களும் இருக்கின்றன. கைவிட்டால் சுவர் சரியும், சுவர் சரிந்தால் சரிவே இறங்கும்.

ஆகவே உணவக முதலாளிகளுக்கு நான் சொல்வது இதுதான்: வைன் செய்பவரை முதலில் குசினிக்கு அழையுங்கள், வேலையாட்களோடு அரைமணி நேரம் இருக்க விடுங்கள். எங்கள் பெற்றோருக்கும் ஒன்று. பிள்ளை வங்கிக்கோ கணினிக்கோதான் போக வேண்டும் என்று நிற்காதீர்கள். திராட்சைத் தோட்டத் தொழிலுக்கும் இங்கே மூன்று வருடப் பயிற்சி இருக்கிறது, மண்ணில் ஆசை உள்ள பிள்ளையை விடுங்கள்.

உங்களிடம் கேட்பது சின்ன விஷயம். அடுத்த முறை இப்படி ஒரு விருந்துக்கு நிருபரை அனுப்பினால் ஏழு மணிக்கு அனுப்ப வேண்டாம், நாலு மணிக்கு அனுப்புங்கள். அவர்கள் பெட்டி இறக்குகிற நேரம் அது, கேட்டால் பதில் சொல்வார்கள்.

இப்படிக்கு,
குசினியில் வேலை செய்யும் ஒரு வாசகர்,
பேர்ண், சுவிஸ்