சமன் ஆனால் யாரை அனுப்புவது?

அன்புள்ள கதிரேசா,

உன் கடிதம் வந்தது. முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று ஒரு வரி எழுதியிருக்கலாம், கடிதம் முழுக்க யூரோ கோப்பைதான், ஐரோப்பிய நாடுகளின் கால்பந்துப் போட்டி. 2024இல் ஹங்கேரிக்கும் 3 புள்ளி, ஸ்லோவேனியாவுக்கும் 3 புள்ளி. ஹங்கேரியாவது ஸ்காட்லாந்தை ஜெயித்தது, ஸ்லோவேனியா ஒன்றைக்கூட ஜெயிக்கவில்லை, பிறகு எப்படி உள்ளே போனது என்று கேட்கிறாய். இருவரும் தத்தம் பிரிவில் மூன்றாமிடம், ஆறு மூன்றாமிடங்களில் சிறந்த நான்குதான் அடுத்த சுற்றுக்குப் போகும். அதைத் தீர்மானித்தது கோல் கணக்குதான். ஸ்லோவேனியா மூன்று ஆட்டமும் டிரா, அடித்தது 2, வாங்கியது 2. ஹங்கேரி அடித்தது 2, வாங்கியது 5. வேறு வேறு பிரிவில் இருந்தவர்கள் ஒருவரோடொருவர் மோதியதே இல்லை, அதனால் வேறு தராசு கிடையாது.

சமனில் நிற்கும் இருவரில் யாரை அனுப்புவது என்ற தலைவலி இந்தப் போட்டிக்குப் பழையது. 1968 அரையிறுதி, நேப்பிள்ஸ். இத்தாலி – சோவியத் யூனியன், 120 நிமிடம் ஆடியும் 0-0. பெனால்டி முறை அப்போது இல்லை. நடுவர் இரண்டு கேப்டன்களையும் உள்ளே அழைத்துப்போய் நாணயத்தைச் சுண்டினார். இத்தாலி கேப்டன் ஃபக்கெட்டி சொன்ன பக்கம் விழுந்தது, இத்தாலி இறுதிக்குப் போனது. ரோமில் இறுதியும் யூகோஸ்லாவியாவோடு 1-1. கோப்பையையே பூவா தலையா போட்டுக் கொடுக்க மனம் வருமா? இரண்டு நாள் கழித்து மறுபடி ஆடினார்கள். இத்தாலி பலரை மாற்றிப் புதுக்கால்களோடு இறங்கி 2-0 என்று ஜெயித்தது. மறு ஆட்டத்தில் உள்ள கோளாறு இதுதான்: களைப்பும் மாற்று ஆட்டக்காரர்களின் எண்ணிக்கையும்தான் முடிவு செய்கின்றன.

1976, பெல்கிரேட். இறுதியில் செக்கோஸ்லோவாகியா 2-0 என்று முந்தியும் மேற்கு ஜெர்மனி கடைசி நிமிடத்தில் 2-2 ஆக்கியது. அந்த ஆண்டு இறுதிச்சுற்றின் நான்கு ஆட்டங்களுமே கூடுதல் நேரத்துக்குப் போயின. பெனால்டியில் ஜெர்மனியின் ஹோனஸ் பந்தை மேலே பறக்கவிட்டார், அடுத்து வந்த செக்கோஸ்லோவாகியாவின் பனென்கா, ஜெர்மன் கோல்கீப்பர் மாயர் ஒருபக்கம் பாயும்வரை பார்த்து நடுவில் மெல்லத் தூக்கிவிட்டார். 5-3, கோப்பை செக்கோஸ்லோவாகியாவுக்கு. 1980இல் மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் பெனால்டி 9-8 வரை நீண்டது. அதோடு அந்த ஆட்டத்தையே எடுத்துவிட்டார்கள். சரியான முடிவு, அதற்கு யாரும் அழவில்லை.

கோல்டன் கோல் வந்தது 1996இல். கூடுதல் நேரத்தில் முதல் கோல் விழுந்ததும் ஆட்டம் முடிந்தது. வெம்ப்லியில் 95ஆம் நிமிடம் ஜெர்மனியின் பியர்ஹாஃப், 2000இல் 103ஆம் நிமிடம் பிரான்ஸின் ட்ரெசேகே, இருவரும் இறுதியையே முடித்துவைத்தார்கள். தாக்கி ஆடுவார்கள் என்றுதான் கொண்டுவந்தார்கள். ஒரு பிழை செய்தால் வீட்டுக்குப் போக வேண்டும் என்றால் யார் முன்னே ஏறுவார்கள்? எல்லோரும் பின்னால் பதுங்கினார்கள். 2004இல் சில்வர் கோல்: கூடுதல் நேரத்தின் முதல் பாதி முடியும்போது முந்தியிருப்பவர் ஜெயித்தார். அரையிறுதியில் கிரீஸின் டெல்லாஸ் கார்னர் பந்தைத் தலையால் அடித்தது அந்தப் பாதியின் கடைசி நொடிகளில். செக் அணிக்குப் பதில் சொல்ல நேரமே இல்லை. அந்த ஆண்டோடு இரண்டு விதியும் போயின.

இப்போது பிரிவுக் கணக்கு. உனக்கு இதில்தான் குழப்பம். ஒரே பிரிவில் புள்ளி சமமானால், உலகக் கோப்பையில் நெடுங்காலம் மொத்தக் கோல் வித்தியாசம்தான் (அடித்ததில் வாங்கியதைக் கழித்தது) முதலில். யூரோவில் 1996 முதல், சமமானவர்கள் தங்களுக்குள் ஆடிய ஆட்டங்களை மட்டும் எடுத்து ஒரு சின்னப் பட்டியல் போடுவார்கள். நோஞ்சான் அணியை 6-0 என்று அடித்துப் புண்ணியம் சேர்ப்பதைத் தடுக்கத்தான். ஆனால் இதற்கும் ஒரு பக்கவிளைவு உண்டு. 2004இல் இத்தாலி, ஸ்வீடன், டென்மார்க் மூவருக்கும் 5 புள்ளி. தங்களுக்குள் மூன்று ஆட்டமும் டிரா: 0-0, 1-1, 2-2. ஆக அடித்த கோலை எண்ண வேண்டும்: ஸ்வீடன் 3, டென்மார்க் 2, இத்தாலி 1. அந்த 2-2 கடைசி நாள் ஸ்வீடனும் டென்மார்க்கும் ஆடியது, சமன் கோல் 89ஆம் நிமிடம். அதே நேரத்தில் பல்கேரியாவை 2-1 என்று ஜெயித்தும் இத்தாலி வெளியே. இத்தாலிக்காரர்கள் அதற்கு முன்பே சந்தேகப்பட்டார்கள் என்றால் காரணம் கணிதம்தான்: 2-2 ஆனால் இருவரும் பிழைப்பார்கள் என்று முந்தின நாளே எல்லோருக்கும் தெரியும்.

2024இன் ஈ பிரிவு இன்னும் விசித்திரம். நான்கு பேருக்கும் 4 புள்ளி! எல்லோரும் சமம் என்பதால் சின்னப் பட்டியலும் பெரிய பட்டியலும் ஒன்றே. பெல்ஜியம் ருமேனியாவை 2-0 என்று ஜெயித்திருந்தது, ஆனாலும் ருமேனியாதான் முதலிடம். இருவருக்கும் வித்தியாசம் +1, ருமேனியா அடித்தது 4, பெல்ஜியம் அடித்தது 2. உக்ரைன் -2, 4 புள்ளி எடுத்தும் கடைசி.

நீ கேட்ட மூன்றாமிடத் தலைவலிக்கு வேர் 24 அணி, 2016 முதல். பதினாறு அணி இருந்தபோது 31 ஆட்டம், இப்போது 51. முதல் 36 ஆட்டமும் வெறும் 8 அணிகளை வெளியேற்றத்தான். ஆறு மூன்றாமிடங்களில் நான்கைத் தேர்ந்தெடுக்க 15 வழி இருக்கிறது. எந்த நான்கு என்று தெரியும்வரை சில பிரிவுகளின் முதலிடக்காரருக்கே எதிரி யாரென்று தெரியாது. மூன்று டிராவோடு மூன்றாமிடத்தில் முடித்த போர்ச்சுகல் 2016 கோப்பையையே தூக்கியது, அதைக் குறை சொல்ல முடியாது, விதி அப்படி. ஹங்கேரி கதை அதைவிட நோகடிக்கிறது: ஸ்காட்லாந்தை 100ஆம் நிமிடக் கோலில் ஜெயித்தது ஞாயிறு இரவு, வெளியேற்றம் உறுதியானது புதன் இரவு. மூன்று நாள் மற்றவர் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதாயிற்று.

2028இலும் 24 அணிதான். மூன்றாவது சுற்றுக்கு முன்பே தாளில் கணக்குப் போட்டு வை, அடுத்த முறை நீ எனக்குச் சொல். முழங்காலைப் பற்றியும் எழுது.

அன்புடன்,
செல்வம்