‘கொஞ்சம் நில்லுங்க டாக்டர்’ என்று சொல்ல ஒரு விதி வேண்டும்

தேசிய மருத்துவ ஆணையத்தின் முதுநிலைக் கல்வி வாரியத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வாரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம். உங்கள் அலுவலகம் இருக்கும் அதே துவாரகாவில்தான் நானும் குடியிருக்கிறேன். தில்லியில் ஒரு பெரிய மருத்துவமனையின் ஐசியூவில் செவிலியர். இந்த மடலை ஆங்கிலத்தில் எழுதித் தபாலில் சேர்த்துவிட்டேன். தமிழிலும் எழுதக் காரணம் உண்டு. இந்த ஊர் ஐசியூக்களில் நாகர்கோவில், திருநெல்வேலிப் பக்கத்து சிஸ்டர்களைப் பார்க்கலாம். அகில இந்திய ஒதுக்கீட்டில் பிஜி (முதுநிலை மருத்துவம்) படிக்க வந்த மதுரை, கோவைப் பிள்ளைகளையும் பார்க்கலாம். நான் எழுதுவது இந்த இரண்டு தரப்புக்கும் நடுவே தினமும் நடப்பது. அவர்களும் படிக்கட்டும்.

நான் கேட்பது ஒன்றுதான். முதுநிலை மாணவர் சென்ட்ரல் லைன் போடும்போது சுத்த முறை தவறினால், பக்கத்தில் நிற்கும் செவிலியர் அந்த வேலையை நிறுத்தலாம் என்று உங்கள் பயிற்சி விதிகளில் எழுதுங்கள்.

மருத்துவம் படிக்காதவர்களுக்காக: சென்ட்ரல் லைன் என்பது கழுத்து, மார்பு அல்லது தொடை வழியாகப் பெரிய ரத்தக் குழாய்க்குள் செலுத்தும் மெல்லிய குழாய். இறங்கிப்போன ரத்த அழுத்தத்தைத் தூக்கி நிறுத்தும் மருந்துகள் அதன் வழியாகத்தான் ஏறும். போடும்போது கை சுத்தமில்லாவிட்டாலோ, போட்ட பிறகு சரியாகப் பார்த்துக்கொள்ளாவிட்டாலோ அதே வழியாகக் கிருமியும் ஏறும். நிமோனியாவுக்கு வந்தவர் நிமோனியா குறைந்த பிறகு ரத்தத் தொற்றில் போய்விடுவதை ஐசியூவில் வேலை பார்த்த யாரும் பார்த்திருப்பார்கள்.

இது என் சொந்த யோசனை இல்லை. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், ஓர் அறுவை சிகிச்சை ஐசியூவில், 1998-இன் முதல் காலாண்டில் லைன் உள்ளே இருந்த ஒவ்வொரு 1000 நாளுக்கும் 11.3 ரத்தத் தொற்றுகள் இருந்தன. புது மருந்து எதையும் அவர்கள் கொண்டுவரவில்லை. வேண்டிய சாமான் எல்லாவற்றையும் ஒரே வண்டியில் வைத்தார்கள். ‘இந்த லைன் இன்னும் தேவையா’ என்று தினமும் கேட்டார்கள். ஒரு சரிபார்ப்புப் பட்டியல் போட்டார்கள். அதைப் பின்பற்றாவிட்டால் வேலையை நிறுத்தும் அதிகாரத்தைச் செவிலியருக்குக் கொடுத்தார்கள். 2002-இன் கடைசிக் காலாண்டில் தொற்று பூஜ்யம். அந்த ஆய்வில் நான் திரும்பத் திரும்பப் படித்த இடம் ஒன்று உண்டு. பட்டியல் வந்த முதல் மாதத்தில் போட்ட 38 லைன்களில் 12-இல் செவிலியர் குறுக்கிட வேண்டியிருந்ததாம். மூன்றில் ஒன்று! அதுவும் ஹாப்கின்ஸில்.

அப்புறம் அதே முறையை ஹாப்கின்ஸ் மருத்துவர் பீட்டர் ப்ரொனோவோஸ்ட் குழுவினர் மிஷிகன் மாநிலத்தில் நூற்றுச் சொச்சம் ஐசியூக்களுக்குக் கொண்டுபோய், 2006-இல் முடிவை வெளியிட்டார்கள். கை கழுவுவது, உடல் முழுக்க மூடும் டிரேப் (கிருமி நீக்கிய விரிப்பு) விரிப்பது, குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினியால் தோலைத் துடைப்பது, முடிந்தவரை தொடை வழியைத் தவிர்ப்பது, தேவை முடிந்ததும் லைனை எடுத்துவிடுவது. இந்த ஐந்தில் எதுவும் விலை உயர்ந்த வித்தை இல்லை. மூன்று மாதத்தில் தொற்றின் இடைநிலை அளவு 1000 நாளுக்கு 2.7-இலிருந்து பூஜ்யத்துக்கு இறங்கியது.

நம் கணக்கு என்ன? எய்ம்ஸ் முன்னின்று நடத்தும் தேசியக் கண்காணிப்பு வலையமைப்பு 2017 முதல் 2024 வரை சுமார் 200 ஐசியூக்களில் திரட்டியதில் 1000 நாளுக்கு 8.83. கணக்கிடும் முறை ஒன்றல்ல என்பதால் இந்த எண்களை அப்படியே தராசில் வைக்க முடியாது. ஆனாலும் ஹாப்கின்ஸ் 1998-இல் நின்ற இடத்துக்கு அக்கம்பக்கத்தில்தான் நாம் இன்று நிற்கிறோம் என்று தெரிகிறது. அங்கிருந்து கிளம்பிப் போய்ச் சேர்ந்தவர்கள் இருக்கிறார்கள் என்பதால் எனக்கு இது நல்ல செய்தியாகவே படுகிறது.

இனி எங்கள் இரவு ஷிப்ட். பகலில் கன்சல்டன்ட், சீனியர் ரெசிடென்ட் எல்லாரும் இருப்பதால் பெரிதாகத் தவறு நடக்காது. இரவு இரண்டு மணிக்கு ஜூனியர் ரெசிடென்ட், அதாவது முதுநிலை மாணவர், தனியாக நிற்பார், கீழே எமர்ஜென்சியிலிருந்து அவருக்கு போன் மேல் போன் வந்துகொண்டிருக்கும். அவர் தமிழ்ப் பிள்ளையாக இருந்துவிட்டால் எனக்குக் கவலை இல்லை. “தம்பி, கொஞ்சம் நில்லுங்க, அந்த டிரேப் பத்தாது, பெரிசு எடுத்துத் தர்றேன்” என்பேன். “சரிக்கா” என்று கையை எடுத்துவிடுவார். ஊர்ப் பாசம் வேலை செய்கிறது. வேறு ஊர்க்காரர், போன வாரம்தான் சேர்ந்தவர் என்றால் அதே வாக்கியத்தை மனசுக்குள் நாலு தடவை சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறக்க வேண்டும். ‘சாமானை மட்டும் கொடுங்க சிஸ்டர்’ என்று பதில் வாங்கியவர்கள் எங்கள் டியூட்டி ரூமில் பலர். அந்தப் பிள்ளைகளைக் கெட்டவர்கள் என்று சொல்ல மாட்டேன். தூக்கம் கிடையாது, பயம் வேறு, அந்தப் பயம் தெரிந்துவிடக் கூடாதே என்ற பதைப்பு அதற்கு மேல். ஆனால் ஒரு நோயாளியின் ரத்தத்தில் கிருமி ஏறுவதும் ஏறாததும் டாக்டருக்கும் சிஸ்டருக்கும் ஊர் ஒத்துப்போகிறதா என்பதில் நிற்கலாமா?

‘பட்டியல்தான் எல்லா மருத்துவமனையிலும் இருக்கிறதே’ என்பீர்கள். இருக்கிறது. லைன் போட்டு, டிரெஸ்ஸிங் ஒட்டி, டாக்டர் அடுத்த பெட்டுக்குப் போன பிறகு மேலிருந்து கீழாக வரிசையாக டிக் விழுகிறது. ஆய்வுக்கு வருபவர்கள் ஃபைலைப் பார்த்துத் திருப்தியோடு போவார்கள். பிரேசிலில் 118 ஐசியூக்களில் தினசரிப் பட்டியலை வைத்து நடத்திய பெரிய ஆய்வில் (2016) மருத்துவமனை இறப்பு குறையவில்லை. மிஷிகனைப் பார்த்து இங்கிலாந்து செய்த திட்டத்தில் தொற்று குறைந்தது. ஆனால் அது ஏற்கெனவே குறைந்துகொண்டிருந்த வேகத்தைத் தாண்டிக் குறைந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. இங்கிலாந்து ஆய்வாளர் மேரி டிக்சன்-வுட்ஸ் குழுவினர் 2011-இல் மிஷிகன் அனுபவத்தை அலசி, வெறும் பட்டியல் அதைச் சாதிக்கவில்லை என்று காட்டினார்கள். ஐசியூக்கள் ஒன்றையொன்று பார்த்துத் திருந்தின, தங்கள் எண்களைத் தாங்களே பார்த்தன, யார் யாரைத் தடுத்துக் கேட்கலாம் என்ற வழக்கமே மாறியது. நாம் காகிதத்தை வாங்கிக்கொண்டு இந்த மற்றதையெல்லாம் விட்டுவிட்டோம்.

இது உங்கள் வாரியத்தின் வேலை என்று ஏன் நினைக்கிறேன்? வழக்கம் உருவாவது ரெசிடென்சியில், அதாவது முதுநிலைப் பயிற்சிக் காலத்தில்தான். 2023 விதிகளில் இதய உயிர்காப்புப் பயிற்சியைக் கட்டாயமாக்கினீர்கள், மாவட்ட மருத்துவமனையில் மூன்று மாதம் வைத்தீர்கள், ஆராய்ச்சி முறைப் படிப்பும் வைத்தீர்கள். நல்லது. (அந்தத் தீசிஸ்களுக்கு ராத்திரி ராத்திரியாக ரீடிங் எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் நாங்கள்தான், நன்றி சொல்லும் பக்கத்தில் ‘நர்சிங் ஸ்டாஃப்’ என்று ஒரே சொல்லில் எங்கள் கதை முடிந்துவிடும். அது வேறு பஞ்சாயத்து.) சென்ட்ரல் லைனை மட்டும் இன்னமும் பல இடங்களில் ‘ஒன்றைப் பார், ஒன்றைச் செய், ஒன்றைக் கற்றுக்கொடு’ என்ற பழைய முறையில்தான் பிள்ளைகள் கற்கிறார்கள். சிகாகோவில் மருத்துவர் பார்சுக் என்பவரின் குழுவினர் ரெசிடென்ட்களை முதலில் பொம்மை உடலில் பழக்கி, தேறிய பிறகே நோயாளியிடம் விட்டார்கள். அதே ஐசியூவில் முன்பு 1000 நாளுக்கு 3.20 ஆக இருந்த தொற்று 0.50 ஆனது. 2009-இல் வெளிவந்த ஆய்வு இது. எம்பிபிஎஸ் மாணவர்களுக்காகக் கல்லூரிகளில் ஸ்கில் லேப் (பொம்மைகளில் பழகும் பயிற்சி அறை) கட்டச் சொன்னதே உங்கள் ஆணையம்தான். அந்த அறைக்கு பிஜி மாணவரோடு ஐசியூ செவிலியரையும் சேர்த்து அனுப்புங்கள். நிறுத்தச் சொல்லும் பழக்கத்தையும், சொன்னால் நிற்கும் பழக்கத்தையும் உயிர் இல்லாத பொம்மையிடமே ஒத்திகை பார்த்துவிடலாம்.

அவசரத்தில் எப்படி நிறுத்துவது என்று கேட்பார்கள். அவசரத்தில் நிறுத்தவே வேண்டாம். மிஷிகனிலும் அவசரமில்லாத நேரத்துக்குத்தான் அந்த அதிகாரம். அவசரத்தில் சுத்த முறை பிசகிப் போட்ட லைனை 48 மணி நேரத்துக்குள் மாற்றிவிட வேண்டும் என்று அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையத்தின் 2011 வழிகாட்டி சொல்கிறது. எது அவசரத்தில் போட்டது என்று அன்றே எழுதிவைத்தால்தான் அதுவும் நடக்கும்.

எல்லா சிஸ்டருக்கும் எல்லாம் தெரியும் என்று நான் வாதாட மாட்டேன். எங்களுக்கும் பயிற்சி வேண்டும். தீவிர சிகிச்சைக்கென்றே நர்சிங் கவுன்சில் 2016-இல் கொண்டுவந்த நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பை முடித்தவர்களை இதற்குப் பயன்படுத்தலாம். ஆள் பற்றாக்குறைதான் இதைவிடப் பெரிய சிக்கல். ஐசியூவில் ஒரு நோயாளிக்கு ஒரு செவிலியர் என்பது நெறி. இரண்டு பெட்டையும் சில இரவுகளில் மூன்று பெட்டையும் பார்ப்பவர் லைன் போடும் இடத்தில் முழு நேரமும் நிற்க முடியாது. ஆகவே விதியை எழுதும்போது, அவசரமில்லாத லைன் என்றால் அந்த நேரத்துக்கு ஒரு செவிலியரை வேறு வேலையிலிருந்து விடுவிக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். அது இல்லாவிட்டால் இன்னொரு டிக் கட்டம்தான் கூடும்.

மாணவர் தான் செய்த வேலைகளைக் குறித்துவைக்கும் லாக்புக்கில் இப்போது ஆசிரியரின் கையெழுத்துக்கு இடம் இருக்கிறது. சென்ட்ரல் லைன் பக்கத்தில் செவிலியரின் கையெழுத்துக்கும் ஒரு கட்டம் வையுங்கள். ‘நிறுத்தப்பட்டதா, எதற்காக’ என்று ஒரு வரி அங்கே இருக்கட்டும். நிறுத்தப்பட்ட மாணவருக்கு அதனால் மதிப்பெண் குறையக் கூடாது. நிறுத்திய செவிலியருக்கு மெமோ வரக் கூடாது. இந்த இரண்டையும் வெளிப்படையாக எழுதாவிட்டால் அந்த வரி எப்போதும் காலியாகவே இருக்கும்.

உங்கள் அடுத்த திருத்த வரைவு பொதுமக்கள் கருத்துக்காக இணையதளத்தில் வரும்போது இதற்கு ஒரு பிரிவு இருக்கிறதா என்று பார்ப்பேன். இல்லையென்றால் இதே மடலை ஆட்சேபமாக அனுப்புவேன். இதைப் படிக்கும் சிஸ்டர்களும் ரெசிடென்ட்களும் ஆளுக்கொன்று அனுப்பலாம்.

இப்படிக்கு,
ஓர் ஐசியூ செவிலியர்
துவாரகா, புது தில்லி