வாச்சர் மாமாவுக்கும் எங்கள் தோட்டத்து மக்களுக்கும்

அன்புள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்தாருக்கும், தலவாக்கலையிலிருந்தும் லிந்துலையிலிருந்தும் வந்து பார்த்துப்போன உறவுகளுக்கும்,

முண்ணாண், அதாவது முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புத் தண்டு, அடிபட்ட தம்பியின் முதுகிலோ இடுப்பிலோ குதிகாலிலோ ஒரு புண்கூட இல்லை என்று இன்று கிளினிக்கில் சொன்னார்கள். டாக்டர் அவனைப் புரட்டிப் படுக்க வைத்து, ஒவ்வோர் இடமாக விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, "வீட்டில் யார் இவரைக் கவனிக்கிறீர்கள்?" என்று கேட்டார். அம்மா என்னைக் கைகாட்டினார். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அந்தக் கேள்விக்கான முழுப் பதிலையும் அங்கே சொல்ல முடியவில்லை. அதனால்தான் வீட்டுக்கு வந்ததும் சேலைகூட மாற்றாமல் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

நடந்தது என்ன என்று உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதைத் திரும்பச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. அவனைக் கைகால் பிடித்து இழுக்காமல், கழுத்தும் முதுகும் வளையாதபடி பலகையில் கிடத்தி மலையிலிருந்து இறக்கிக்கொண்டு வந்த பையன்களே, 1990 இலக்கத்துக்கு அழைத்துவிட்டு அம்புலன்ஸ் வழி தவறிவிடக்கூடாதே என்று டோர்ச்சுடன் ரோட்டுக்கு ஓடிய அண்ணாவே, அம்மா மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகாத நாட்களில் எங்கள் வீட்டு அடுப்பு அணையாமல் பார்த்துக்கொண்ட அக்காமாரே, உங்களை எல்லாம் ஒரே மூச்சில் சொல்லிப் போகிறேன் என்று நினைக்காதீர்கள். தனித்தனியாக எழுதினால் இந்தக் கடிதம் முடியாது. ராகமை புனர்வாழ்வு வைத்தியசாலையின் தாதிமாருக்கும், அவனை அதட்டியும் கெஞ்சியும் உட்கார வைத்த பிசியோதெரபி பிள்ளைகளுக்கும் நன்றி. பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி சிங்களத்தில் பேச, நான் எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் பதில் சொல்ல, தன் சோற்றுப் பார்சலில் பாதியை தினமும் என் பக்கம் தள்ளிவைத்தாரே, அவருக்கும் நன்றி. இந்தக் கடிதத்தை அவருக்கு யாராவது படித்து விளக்கினால் நல்லது.

சக்கர நாற்காலி ஏறுவதற்குச் சாய்தளம் கட்டிய இளைஞர்களுக்கு இன்னும் ஒரு வார்த்தை. ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்று வைத்தியசாலையில் சொல்லி அனுப்பினார்கள். காம்பிரா காம்பிராவாக வீடுகள் வரிசையில் ஒட்டி நிற்கும் எங்கள் லயத்தில், இஸ்தோப்பு என்கிற முன் திண்ணை வாசலிலிருந்து இரண்டு அடி உயரம். இருபத்து நான்கு அடிக்கு எங்கே போவது? அடுத்த காம்பிராப் பெரியம்மா, யாரும் கேட்கும் முன்பே, தன் வாசலில் போட்டிருந்த லீக்ஸ் பாத்தியைப் பிடுங்கிவிட்டு, "இந்தப் பக்கமாகத் திருப்புங்கள்" என்றார். இன்று தம்பி அந்த வழியாகத்தான் வெளியே வருகிறான்.

ஆனால் இந்தக் கடிதம் முக்கியமாக ஒருவருக்கு. அவர் இதைப் படிக்கமாட்டார். பேத்தி படித்துக் காட்டட்டும்.

நாம் தூக்கத்தில் நம்மை அறியாமலே புரண்டு படுக்கிறோம். ஒரு பக்கம் அழுந்தி வலித்தால் உடம்பு தானாகத் திரும்பிக்கொள்கிறது. முண்ணாண் அடிபட்டவருக்கு அந்த வலி மூளைக்குப் போய்ச் சேர்வதில்லை. எலும்பு துருத்தியிருக்கும் இடங்களில், வால் எலும்பு, இடுப்பின் பக்கவாட்டு, கணுக்கால், குதிகால் எல்லாவற்றிலும், இரத்தம் ஓடாமல் தோல் முதலில் சிவக்கும். அப்போதே கவனிக்காவிட்டால் சதை அழுகி எலும்பு வரைக்கும் போய்விடும். அந்தப் புண் ஆற மாதக் கணக்கில் ஆகலாம். அதிலிருந்து கிருமி இரத்தத்தில் ஏறினால் உயிருக்கே ஆபத்து. ஆகவே இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வையுங்கள், இரவிலும் விடவேண்டாம் என்று சொல்லித்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

பகலில் அது ஒரு பொருட்டில்லை. வருவோர் போவோர் எல்லாம் கை கொடுத்தீர்கள். இரவுதான் பாரம். அம்மா நாள் முழுக்கக் கொழுந்தெடுத்துவிட்டு வருபவர். அவரை எழுப்ப மனம் வராது. நான் விடிந்ததும் பாடசாலைக்குப் போகவேண்டும். கைத்தொலைபேசியில் அலாரம் வைத்தால், லயத்தில் ஒரே கூரையின் கீழ் இருக்கிறோம் அல்லவா, அடுத்த காம்பிராவில் கைக்குழந்தை திடுக்கிட்டு எழும்பி அழும். அந்தத் தாயும் மலைக்குப் போகிறவள்தான். சத்தத்தைக் குறைத்தால் எனக்குக் கேட்காது. படுக்கப் பயந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே பல இரவுகளைக் கழித்தேன்.

தொழிற்சாலை வாச்சர் மாமா இரவில் சுற்றி வரும் பாதை எங்கள் லயத்துக்குக் கீழேதான். நடுச்சாமத்தில் எங்கள் காம்பிராவில் மட்டும் விளக்கு எரிவதைப் பார்த்து ஒருநாள் மேலே ஏறி வந்து, "என்ன பிள்ளை, தம்பிக்கு முடியவில்லையா?" என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் நின்றார். "எப்படியும் நான் விடியும்வரை நடக்கிறவன். நீ படு. நான் தட்டுகிறேன்" என்றார்.

அவ்வளவுதான் பேச்சு. அன்றிலிருந்து என் தலைமாட்டு ஜன்னல் பலகையில் விரலால் இரண்டு தட்டு. குழந்தைக்குக் கேட்காது, எனக்குக் கேட்கும். தட்டிவிட்டுப் போய்விடமாட்டார். "சரி மாமா" என்று நான் சொல்லும்வரை நிற்பார். தம்பியைப் புரட்டி, முட்டிகளுக்கு இடையில் தலையணை வைத்து, குதிகால் மெத்தையில் படாமல் தூக்கி வைத்துவிட்டு நான் திரும்பப் படுத்துவிடுவேன். அதன்பிறகு எனக்கு நேரத்தைப் பற்றிய கவலை இல்லை. தென்மேற்குப் பருவ மழை தகரத்தைப் பிளக்கிற மாதிரி கொட்டிய இரவுகளிலும் கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு அந்தப் படிகளை ஏறி வந்தார். அவருடைய பாதை கீழேதான் என்பதை நினைத்துப் பாருங்கள். அந்தப் படிகள் எங்களுக்காக ஏறியவை.

இன்னொன்றும் செய்தார். அதை அவர் வேண்டுமென்று செய்தாரா என்று எனக்குத் தெரியாது. வைத்தியசாலையிலிருந்து வந்த தம்பி யாருடனும் பேசுவதில்லை. பார்க்க வந்தவர்கள் அவன் காதுபட அழுதுவிட்டு, அவன் சாப்பிட்டானா என்பதைக்கூட என்னிடமே கேட்பார்கள். மாமா அப்படியில்லை. ஜன்னலுக்கு வெளியே நின்று அவனிடம்தான் பேசுவார். "கீழ் டிவிஷனில் சிறுத்தை ஒரு நாயைத் தூக்கிவிட்டதாம் மகன்." "இன்றைக்கு ஈரக் கொழுந்து, சீக்கிரம் வாடாது, காலையில்தான் அரைப்பார்கள்." பதிலை எதிர்பார்க்காமல் சொல்லிவிட்டுப் போவார். தம்பி அந்தத் தொழிற்சாலையில் வேலை செய்தவன். ஒரு இரவு, பலகையில் தட்டு விழுந்ததும் நான் வாய் திறக்கும் முன்பே, "கொழுந்து எத்தனை கிலோ மாமா?" என்று கேட்டான். இருட்டில் நான் அசையாமல் கிடந்தேன். மாமா கணக்கைச் சொன்னார். இருவரும் ரோலர் மெஷினைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

இப்போது அவனே கட்டில் சட்டத்தைப் பிடித்து, கைப்பலத்தில் புரண்டுகொள்கிறான். நாற்காலியில் இருக்கும்போது அடிக்கடி முன்னால் குனிந்து பாரத்தை மாற்றிக்கொள்கிறான். கண்ணாடியைப் பின்னால் பிடித்துத் தன் தோலைத் தானே பார்க்கக் கற்றுக்கொண்டிருக்கிறான். தட்டுவதை நிறுத்தலாம் மாமா என்று சொன்னோம். கேட்கவில்லை. இனி அவருக்குப் பதில் சொல்வது தம்பி, நான் தூங்குகிறேன்.

மாமாவுக்கு என்ன கொடுத்தாலும் வாங்கமாட்டார். தீபாவளிக்கு அம்மா எடுத்துக் கொடுத்த சாரத்தைக்கூட, "சம்பளத்துக்கு நடக்கிற நடைதானே" என்று திருப்பிவிட்டார். அவர் பேத்தி அடுத்த வருடம் 5ஆம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை எழுதுகிறாள். மாமா, அவளைப் பின்னேரங்களில் என்னிடம் அனுப்புங்கள். இதற்கும் மறுப்புச் சொன்னால் நானே வந்து அழைத்துப் போவேன்.

மற்றத் தோட்டத்து உறவுகளுக்கு ஒன்று. உங்கள் லயத்திலும் யாராவது இப்படி வைத்தியசாலையிலிருந்து வீடு திரும்பியிருக்கலாம். முதல் வாரங்களில் எதையெல்லாம் கேட்க ஆளில்லாமல் தவித்தோம் என்பது எனக்கு இன்னும் மறக்கவில்லை. எப்படிப் புரட்டுவது, தோலை எங்கெங்கே பார்ப்பது, சிறுநீர்க் குழாயை எப்படிச் சுத்தமாகப் போடுவது, குளிருக்கு அடுப்பருகே உட்கார வைத்தால் கால் சுடுவது அவருக்குத் தெரியாது என்பது வரைக்கும் எல்லாவற்றையும் சொல்லித் தருகிறேன். வரமுடியாதவர்கள் ஆள் அனுப்பினால் நானே வருகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில்தான் இருப்போம். தம்பியிடமே கேட்கலாம், என்னைவிட நன்றாகச் சொல்லித் தருவான்.

நன்றியுடன்,
தம்பியின் அக்கா