ஜாஸ் பியானோ தொடக்கநிலைத் தொகுப்பின் பிழைகள் குறித்த புகார்

அனுப்புநர்:
இசை வகுப்பு ஆசிரியர்கள், மண்டபம், இராமநாதபுரம் மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: புத்தகத்திலும் செயலியிலும் ஸ்கேல் (சுர வரிசை), இன்டர்வல் (இரண்டு சுரங்களுக்கு இடையிலான தூரம்) பாடங்கள் தவறாக இருப்பதும், இரண்டு கீபோர்டுகளில் கட்டைக் கோளாறும்.

ஐயா / அம்மா,

வணக்கம். 61 கட்டை கீபோர்டு, பயிற்சிப் புத்தகம், செயலி மூன்றும் சேர்ந்த உங்கள் ஜாஸ் தொகுப்பில் ஜூன் மாதம் நான்கு செட் வாங்கினோம். பில் நகலை இணைத்துள்ளோம். கீபோர்டு கோளாறைவிட எங்களுக்குப் பெரிய கவலை பாடத்தில் இருக்கும் பிழைதான். ஆரம்பத்தில் கையில் படிந்தது லேசில் போகாது.

புத்தகத்தில் 12 மேஜர் ஸ்கேலுக்கும் வலது கைக்கு ஒரே விரல் வரிசையை அச்சடித்திருக்கிறீர்கள்: 1-2-3-1-2-3-4-5 (1 பெருவிரல், 5 சுண்டுவிரல்). சி ஸ்கேலுக்கு அது சரி. எஃப் ஸ்கேலில் நாலாவது நோட் பி-ஃபிளாட், கறுப்புக் கட்டை. உங்கள் வரிசைப்படி வாசித்தால் பெருவிரல் நேரே அதன்மேல் போய் விழுகிறது. குட்டை விரல் எட்டுவதற்காகக் கை முழுவதும் உள்ளே நகர வேண்டியிருக்கிறது, மணிக்கட்டு திருகிக்கொள்கிறது, கொஞ்சம் வேகம் கூட்டினாலே அந்த இடத்தில் தட்டுகிறது. எஃப்-க்கு 1-2-3-4-1-2-3-4 என்று வர வேண்டும். பி-ஃபிளாட்டுக்கு 2-1-2-3-1-2-3-4. இ-ஃபிளாட்டுக்கு 3-1-2-3-4-1-2-3. கறுப்புக் கட்டைக்கு நீள விரல், அதைத் தாண்டி வரும் வெள்ளைக் கட்டைக்குப் பெருவிரல், அவ்வளவுதான் கணக்கு. இவை அபூர்வமான ஸ்கேல்களும் அல்ல. டிரம்பெட்டும் டெனார் சாக்ஸும் பி-ஃபிளாட் வாத்தியங்கள், ஆல்டோ சாக்ஸ் இ-ஃபிளாட் வாத்தியம். அவற்றுக்கு வசதியான ஸ்கேல்களில் பாடல்கள் அமைவதால், ஜாஸ் படிக்கிறவர் கை இந்த மூன்று ஸ்கேலுக்கும் சீக்கிரமே பழகியாக வேண்டும்.

அடுத்தது இன்டர்வல் பாடம். கார்டின் (சேர்த்து ஒலிக்கும் நோட்டுகளின்) ஏழாவது நோட்டை அந்தந்த மேஜர் ஸ்கேலிலிருந்து எடுக்கச் சொல்லிவிட்டு, ஜி7 என்பதற்கு ஜி, பி, டி, எஃப்-ஷார்ப் என்று போட்டிருக்கிறீர்கள். அது ஜி மேஜர் 7. பெயரில் வெறும் 7 இருந்தால் கார்டின் அடிப்படை நோட்டிலிருந்து 10 செமிடோன் (ஒரு செமிடோன் என்பது அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு இடையிலான தூரம்), அதாவது எஃப். மேஜர் 7 என்றால்தான் 11. இங்கே வரும் பிள்ளைகளில் பலர் சரளி வரிசை பாடிவிட்டு வருகிறவர்கள். ஜி-யை சட்ஜமாக வைத்தால் எஃப் கைசிகி நிஷாதம், எஃப்-ஷார்ப் காகலி நிஷாதம். ஹரிகாம்போஜிக்கும் சங்கராபரணத்துக்கும் உள்ள வித்தியாசமே அதுதான். பாடிப் பழகிய காது சரியாகச் சொல்கிறது, புத்தகம் தப்பு என்கிறது.

இதனால் இடது கைப் பயிற்சி முழுவதும் கெடுகிறது. டி மைனர் 7, ஜி7, சி மேஜர் 7 என்று போகும்போது மூன்றாவது, ஏழாவது நோட்டுகளை மட்டும் பிடித்துப் பாருங்கள். முதலில் எஃப், சி. ஜி7 வந்ததும் எஃப் அப்படியே நிற்க, சி ஒரு செமிடோன் இறங்கி பி ஆகிறது. அடுத்து பி நிற்க, எஃப் இறங்கி இ ஆகிறது. ஜி7-இல் எஃப்-க்கும் பி-க்கும் நடுவே உள்ள 6 செமிடோன்தான் சி-யை நோக்கி இழுப்பது. உங்கள் எஃப்-ஷார்ப்பைப் போட்டால் அது 5 ஆகிவிடுகிறது. இழுப்பு போய்விடுகிறது.

செயலியோ, எஃப்-ஷார்ப் வர வேண்டிய இடத்தில் அதைத் தவறு என்று சிவப்பில் காட்டுகிறது. பீபாப் என்ற ஜாஸ் பாணியின் ஜி டாமினன்ட் ஸ்கேலில் இறங்கும்போது ஜி, எஃப்-ஷார்ப், எஃப், இ, டி, சி, பி, ஏ என்று எட்டு நோட்டு. நடுவில் ஒரு நோட்டு கூடுவதால்தான் ஜி, எஃப், டி, பி நான்கும் தாள அடியில் வந்து உட்காருகின்றன. அதை எடுத்துவிட்டால் எஃப், டி, பி மூன்றும் அடி தவறிவிடும். ஸ்விங்கிலும் (அடியைச் சரிபாதியாகப் பிரிக்காமல் வாசிக்கும் ஜாஸ் நடையிலும்) இதே கதைதான். அடியின் முக்கால்வாசிக்குக் கொஞ்சம் முன்னே, மூன்றில் இரண்டு பங்கு அளவில் இரண்டாவது நோட்டை வைத்தால் "தாமதம்" என்று மதிப்பெண் குறைக்கிறது. சரிபாதியாக வாசித்தால் முழு மதிப்பெண்! காதுப் பயிற்சியில் இன்டர்வல்கள் ஏறுமுகமாக மட்டுமே வருவதையும் சேர்த்துக் கவனியுங்கள்.

கீபோர்டு விஷயம். இரண்டு செட்டில் நடு சி-க்கு மேலே உள்ள இ-ஃபிளாட் கட்டை, எவ்வளவு மெல்ல அழுத்தினாலும் முழுச் சத்தத்தில் அடிக்கிறது. கணினியில் இணைத்துப் பார்த்தோம். பக்கத்துக் கட்டைகள் மெல்லிய அழுத்தத்துக்கு 30, 40 காட்டும்போது இது மட்டும் உச்ச அளவான 127 காட்டுகிறது. கட்டைக்கு அடியில் உள்ள இரண்டு தொடுபுள்ளிகள் அடுத்தடுத்துத் தொடும் நேரத்தை வைத்துத்தான் வேகம் கணக்காகிறது. அதில் ஒன்று சரியாகத் தொடாதபோது இப்படி ஆகலாம். மதுரை சர்வீஸ் சென்டரில் திறந்துகூடப் பார்க்காமல், "கடலோரத்துல வச்சா உப்புக்காத்துல கெடத்தான் செய்யும், வாரண்டி கிடையாது" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வாரண்டி அட்டையில் தண்ணீர் சிந்தினால் என்றுதான் இருக்கிறது, கடலோரம் என்று ஒரு வார்த்தை இல்லை. கச்சான் காற்று வீசும் மாதங்களிலும் நான்கையும் ஜன்னலை விட்டுத் தள்ளி, உறை போட்டே வைத்திருந்தோம். நான்கும் ஒரே அறையில் இருக்க, இரண்டில் மட்டும், அதுவும் ஒரே கட்டை கெட்டிருக்கிறது. சீல் ஸ்டிக்கர் பிரியவில்லை.

இரண்டு கீபோர்டுகளிலும் தொடுபுள்ளி ரப்பர் பட்டையை வாரண்டியிலேயே மாற்றித் தர வேண்டும். விரல் எண்களும் ஜி7 பாடமும் திருத்திய பக்கங்களை, எங்களுக்கு மட்டுமல்லாமல் இந்தத் தொகுப்பை வாங்கிய எல்லோருக்கும் அனுப்ப வேண்டும். செயலியைத் திருத்தும்வரை ஸ்விங், பீபாப் பாடங்களின் மதிப்பெண்ணை நிறுத்தி வையுங்கள். 15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்போம்.

இப்படிக்கு,
இசை வகுப்பு ஆசிரியர்கள், மண்டபம்.

இணைப்பு: பில் நகல், வாரண்டி அட்டை நகல், பிழையுள்ள பக்கங்களின் படங்கள், கணினியில் பதிவான அளவுகள்.