பழுப்புச் சால்வை

மாதுங்கா, மும்பை
ஜனவரி 18

அன்புள்ள ராஜி,

வடாம் பார்சல் வந்து சேர்ந்ததா? பொங்கலன்று நான்கு முறை கூப்பிட்டேன். மாப்பிள்ளைதான் எடுத்தார். நீ குளிக்கிறாய் என்றார், அடுத்த முறை தூங்குகிறாய் என்றார். பேச்சுவாக்கில், வெள்ளிக்கிழமை இரவு நிலாவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடி நெபுலைசர் வைத்ததையும் சொல்லிவிட்டார். அதற்காக அவரைக் கோபித்துக்கொள்ளாதே. "வெறும் சளிதான் அத்தை, தில்லிக் குளிர்" என்றார். அது நீ சொல்லிக்கொடுத்தது என்று எனக்குத் தெரியாதா?

அப்பாவின் முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. உனக்கு வந்த பதவி உயர்வைக் கீழ்வீட்டு மாமி வரைக்கும் சொல்லியாகிவிட்டது. எனக்கும் பெருமைதான். முப்பது பேரை வேலை வாங்குகிறவளுக்குப் பெற்றவளின் போனை எடுக்கத்தான் நேரமில்லை.

நிலாவுக்குத் தினமும் கொடுக்கிற இன்ஹேலருக்குப் பிறகு வாய் கொப்பளிக்க வைக்கிறாயா? ஸ்பேசர் என்கிற அந்தக் குழாயை மாட்டி வைத்துத்தான் கொடுக்கவேண்டும், இல்லாவிட்டால் மருந்தில் பெரும்பகுதி தொண்டையிலேயே படிந்துவிடும். இருமல் நின்றுவிட்டது என்று அதை நிறுத்திவிடாதே. நீல இன்ஹேலர் சில நிமிடங்களில் மூச்சுக்குழாயை விரித்துவிடும். நாலு மணி நேரம் குழந்தை ஓடியாடும். உள்ளே வீக்கம் அப்படியேதான் இருக்கும். அதை வற்றவைப்பது தினசரி மருந்து. வாரத்தில் இரண்டு தடவைக்கு மேல் நீலம் தேவைப்பட்டால் நோய் கட்டுக்குள் இல்லை என்கிறார் இங்கே நான் போய்க் கேட்ட குழந்தை டாக்டர். போன ஞாயிறு நிலா போனில், "பாட்டி, நேற்று மட்டும் மூன்று தடவை நீலம்" என்று, ஏதோ ஐஸ்கிரீம் சாப்பிட்ட கணக்கைப்போலச் சொன்னாள்.

தில்லிக் காற்று மோசம் என்பதை நான் மறுக்கவில்லை. நவம்பரில் பள்ளியையே மூடினார்கள் என்றுதானே அவளை இங்கே கொண்டுவந்து விட்டீர்கள். ஆனால் ராஜி, ஆகஸ்டில் மழை கழுவிவிட்ட காற்றிலும் அவள் விடியற்காலையில் இருமினாளே. நான் அங்கேதானே இருந்தேன்.

அவள் இங்கே இருந்த பன்னிரண்டு நாளில் நடந்த ஒன்றை உன்னிடம் சொல்லவில்லை. முதல் நான்கு இரவுகள் நன்றாகத் தூங்கினாள். தாதரில் வாங்கிய புதுச் சட்டைகளையே மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டதில் நீ அனுப்பிய பெட்டி பிரிக்காமலே கிடந்தது. ஐந்தாம் நாள் இரவு "அம்மா வாசனை வேண்டும்" என்று அழுதாள். பெட்டியின் அடியிலிருந்து உன் பழுப்புச் சால்வையை எடுத்துக் கொடுத்தேன். முகத்தோடு சேர்த்துப் போர்த்திக்கொண்டு படுத்தாள். இரண்டு மணிக்கு விசில் சத்தம் கேட்டு விளக்கைப் போட்டேன். விலா எலும்புகளுக்கு நடுவே தோல் பள்ளம் விழுந்து விழுந்து எழும்பியது. கழுத்துக்குழி உள்ளே இழுத்தது. ஸ்பேசரில் நீலத்தைக் கொடுத்து மடியில் சாய்த்துக்கொண்டேன். இருபது நிமிடத்தில் தணிந்தது. விடிந்ததும் சால்வையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கம்பளி இழைகளுக்குள் ஊசி ஊசியாக வெள்ளை மயிர். உன் பூனை லட்டு தூங்குவது அதன்மேல்தானே.

நீ தினமும் சீவி எடுக்கிறாய், தெரியும். கெடுதல் மயிரில் இல்லையாம். பூனையின் எச்சிலிலும் தோலிலும் ஊறும் ஒரு புரதமாம் அது. நக்கி நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும்போது உடம்பெல்லாம் பூசிக்கொள்கிறது. காய்ந்து பொடியாகி மணிக்கணக்கில் காற்றில் மிதக்கிறது. துணியில் ஒட்டிக்கொண்டு, பூனையே இல்லாத பள்ளிக்கூடத்துக்கும் போகிறது. பூனை போன பிறகும் மெத்தையிலும் சோபாவிலும் மாதக்கணக்கில் தங்குகிறது. பூனை இருக்கும் வீட்டுப் பிள்ளைகள் எல்லோருக்கும் இழுப்பு வருவதில்லை. நிலாவின் உடம்புக்கு ஆகவில்லையா என்பதைக் கையில் குத்திப் பார்க்கும் சோதனையோ ரத்தச் சோதனையோதான் சொல்லவேண்டும். ஓர் இரவை வைத்து நான் தீர்ப்பு எழுதக்கூடாது. பூனை, நாய் என்று ஒன்றுக்கு மேல் ஒவ்வாமை இருக்கிற குழந்தைகளிடம்தான் ஆஸ்துமா கடுமையாக இருப்பதைப் பார்ப்பதாக டாக்டர் சொன்னார். உன் மைத்துனர் வீட்டு நாய் ஞாபகம் வந்தது. சோதனை செய்துவிடு, ராஜி.

லட்டு எந்த ஆவணியில் வந்தது என்பதை நான் மறக்கவில்லை. நீ ஆஸ்பத்திரியிலிருந்து வெறும் கையோடு வீடு திரும்பி, யாரோடும் பேசாமல் கிடந்தபோது உன் மடியில் இருந்தது அதுதான். நான் பத்து நாள் கழித்துத்தான் வந்தேன். அதனால்தான் இத்தனை நாள் வாய் திறக்கவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. எழுதிவிடுகிறேன். 1991-இல் உனக்கு எட்டு வயது. சயான் டாக்டர், இது ஆஸ்துமா, இன்ஹேலர் கொடுங்கள் என்றார். பழகிவிட்டால் விடமுடியாது, பெண் குழந்தை, நாளைக்கு யார் கட்டிக்கொள்வார்கள் என்று சீட்டைக் கிழித்துப் போட்டேன். ஒன்பதாம் வகுப்புக்குக் கரும்பலகையில் நுரையீரலை வரைந்து பாடம் நடத்தியவள் நான். அந்த ஜூனில், மிருகசீரிஷக் கார்த்தி நாளில், ஹைதராபாத்தில் உயிருள்ள குட்டி மீனின் வாயில் மருந்தை வைத்து இழுப்புக்கு விழுங்கக் கொடுக்கும் மீன் மருந்து வரிசையில் உன்னை நிறுத்தினேன். நாம் சைவம் என்பதால் வெல்லத்தில் வைத்துக் கொடுத்தார்கள். அந்தக் கூட்டத்தில் மூச்சு முட்ட, என் புடவைத் தலைப்பைப் பல்லில் கடித்துக்கொண்டு நின்றாய். மூன்று வருடம் கொண்டுபோனேன். நடு இரவில் நீ எழுந்து உட்கார்ந்து தலையணையைக் கட்டிக்கொண்டு இரைத்தபோது, "சத்தம் போடாதே, பெரியம்மா வந்திருக்கிறாள்" என்றேன். பெண் பார்க்க வந்தவர்களிடம் சளி உடம்பு என்றேன். அந்த நோயின் பெயரை நம் வீட்டில் யாரும் சொல்லவிட்டதில்லை. நிலாவுக்கு வந்திருப்பதை இன்று நீ சளி என்கிறாய். அந்தச் சொல்லை உனக்குக் கொடுத்தவள் நான்.

என்மேல் கோபம் இருந்தால் இருக்கட்டும். சோதனையைத் தள்ளிப்போடாதே.

பூனைதான் என்று வந்தால் லட்டுவை யாருக்கும் கொடுத்துவிடவேண்டாம். நானே வந்து கூட்டிக்கொண்டு போகிறேன். அப்பாவிடம் பேசிவிட்டேன், பால்கனிக்கு வலை அடிக்க ஆள் பார்க்கிறார். அதன்பிறகு நிலா மே மாத லீவுக்கு இங்கே வரமுடியாது என்பதும் தெரியும். நான் அங்கே வருகிறேன். அதற்கென்று நான்கு புடவைகளைத் துவைத்து டிரங்குப் பெட்டியில் தனியாகப் பூட்டி வைத்துக்கொள்கிறேன், லட்டு அண்டாமல். அதுவரை படுக்கையறைக் கதவைச் சாத்தியே வை. சால்வை என்னிடம்தான் இருக்கிறது.

இரவு மருந்து கொடுத்ததும் வாய் கொப்பளிக்கச் சொல்.

அம்மா