நாய் மார்க் தட்டும் மெட்ராஸும்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில், நாய் மார்க் இசைத்தட்டு போட்ட எச்.எம்.வி. கம்பெனியின் கதையைப் படித்தேன். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் கல்கத்தாவில் ஏறி பம்பாயில் இறங்கிவிட்டது, மெட்ராஸ் பக்கமே வரவில்லை.

முதலில் ஒரு சின்னத் திருத்தம். இந்தியாவில் தட்டுக்கு முதலில் பாடியவர் கல்கத்தா பாடகி கௌஹர் ஜான் என்று போட்டிருக்கிறீர்கள். எச்.எம்.வி.யின் தாய்க் கம்பெனியான லண்டன் கிராமபோன் கம்பெனிக்காக ஒலிப்பதிவாளர் ஃபிரெட் கெய்ஸ்பெர்க் 1902 நவம்பரில் கல்கத்தாவில் ஒலிப்பதிவைத் தொடங்கியபோது முதலில் பாடியவர்கள் சசிமுகி, ஃபனிபாலா என்ற இரண்டு நாடகக்காரப் பெண்கள். கௌஹர் ஜான் சில நாள் கழித்துத்தான் வந்தார், ஆனால் தட்டு என்றால் என்ன என்று ஊருக்குத் தெரிந்தது அவரால்தான், அதை மறுக்க முடியாது. பாடி முடித்ததும் தன் பேரை இங்கிலீஷில் சொல்வாரே, அது பந்தாவுக்கு இல்லை. அப்போது தட்டு அச்சானது ஜெர்மனியின் ஹானோவரில், அங்கே இருப்பவர்களுக்கு இது யார் பாட்டு என்று தெரிய வேண்டுமே! கல்கத்தா சியால்டாவில் தொழிற்சாலை வந்ததே 1908இல்தான்.

சரி, நம் ஊருக்கு வருகிறேன். அந்த முதல் பத்து வருடத்துக்குள்ளேயே சேலம் கோதாவரியும் கோயம்புத்தூர் தாயியும் தட்டு கொடுத்துவிட்டார்கள். பெரிய வித்வான்கள் பலர் தயங்கிக்கொண்டிருந்தபோது, மைக் இல்லாத காலத்தில், ஒரு குழாய்க்கு முன்னால் உட்கார்ந்து மூன்று நிமிடத்துக்குள் ராகத்தையும் காட்டிக் கீர்த்தனையையும் முடித்தவர்கள் பெரும்பாலும் தேவதாசி மரபில் வந்த பெண்கள். எம்.எஸ். சுப்புலட்சுமி 1926இல் பத்து வயதில், அம்மா சண்முகவடிவின் வீணையோடு தட்டுக்குப் பாடியது அவர்கள் போட்டுவைத்த பாதையில்தான். உங்கள் கட்டுரையில் இவர்கள் ஒருவர்கூட இல்லை.

கம்பெனியும் ஒன்றும் பெரிதாகக் கவனிக்கவில்லை. லேபிளில் பாடகி பேர் இருக்கும், ராகம் இருக்கும், பிடில் யார், மிருதங்கம் யார் என்பது எத்தனையோ தட்டுகளில் இல்லை. 1931இல் இ.எம்.ஐ. என்ற பிரிட்டிஷ் கம்பெனி, 1946இல் இந்தியக் கம்பெனி, 1985இல் ஆர்.பி.ஜி. குழுமம், 2000இல் சரிகம என்ற புதுப் பேர் என்று கைகளும் பேர்களும் மாறியதுதான் மிச்சம். 2017இல் பழைய பாட்டுகளை நிரப்பிக் காரவான் பெட்டியை விட்டார்களே, பழைய பாட்டுக்கு ஆள் இருக்கிறது என்று அவர்களுக்கே தெரிகிறது. ஆனால் அதில் ஓடுவது பெரும்பாலும் சினிமாதான்.

இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவின் பதிப்புரிமை 60 ஆண்டோடு முடிகிறது. தியாகராஜர் கீர்த்தனைக்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. அப்படியிருக்க, பழைய விற்பனைப் பட்டியல், ஒலிப்பதிவுப் பதிவேடு என்று மிஞ்சியிருப்பதை ஸ்கேன் செய்து பொதுவில் வைக்க என்ன தடை? உங்கள் நிருபர் ஒருவர் கம்பெனிக்கே நேரில் போய்க் கேட்டு எழுதினால் புண்ணியமாகப் போகும்.

அப்புறம், அடுத்த முறை எழுதும்போது ஓடியன் என்ற இன்னொரு தட்டு மார்க்கையும் விட்டுவிடாதீர்கள். ஏவி. மெய்யப்பன் படமெடுக்க வருவதற்கு முன்னால் சரஸ்வதி ஸ்டோர்ஸில் விற்றது ஓடியன் தட்டு, அதுவும் 1931க்குப் பிறகு இதே இ.எம்.ஐ. வீட்டுப் பிள்ளைதான்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கும்பகோணம்